பழைய ஜப்பானியக் கடற்கரைப் பயணப் போஸ்டர்: அசலை அறிவதும் காலத்தைக் கணிப்பதும் காப்பாற்றுவதும்

கேள்வி இது: "மியாஜிமா, பெப்பு, அடாமி போன்ற கடலோர ஊர்களுக்கு அழைக்கும் பழைய ஜப்பானியப் பயணப் போஸ்டர் ஒன்று வாங்க நினைக்கிறேன். அசலா மறுபதிப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எந்தக் காலத்தது என்று எதை வைத்துச் சொல்வது? வாங்கியபின் எப்படி வைத்துக்கொள்வது?"

முதலில் படத்தை மறந்துவிட்டு அடிவிளிம்பைப் பாருங்கள். இந்தப் போஸ்டர்கள் எல்லாமே டிக்கெட் விற்க அச்சிட்டவை. ரயில்வேயோ கப்பல் கம்பெனியோ காசு கொடுத்து வரையச் சொல்லி, அச்சடித்து, நிலையங்களிலும் துறைமுக அலுவலகங்களிலும் மாட்டியது. அதனால் யார் வெளியிட்டது, எந்த வழித்தடம், எந்த நிலையத்தில் இறங்க வேண்டும், கட்டணம் எவ்வளவு என்பவற்றில் சிலவாவது எங்கேயாவது ஓர் ஓரத்தில் இருக்கும். அழகான டோரி வாயில் (ஷிண்டோ கோயில் தோரணம்), அலை, பைன் மரம் மட்டும் இருந்து, வெளியீட்டாளர் பெயரோ அச்சகத்தின் பெயரோ ஒரு வரிகூட இல்லையென்றால் சந்தேகத்தோடு தொடங்குங்கள்.

இணையத்தில் 'பழைய ஜப்பானியக் கடற்கரைப் போஸ்டர்' என்று தேடினால் வருபவற்றில் பல பயணப் போஸ்டர்களே அல்ல. ஓவியர் காவாசே ஹாசுய் (1883–1957) செய்த மரப்பலகை அச்சுகளைப் பெரிதாக்கி, கீழே ஊர்ப்பெயரைப் புதிய எழுத்துருவில் சேர்த்து விற்கிறார்கள். ஹாசுயின் அச்சுகள் பெரும்பாலும் வாடனாபே ஷோசபுரோவின் பதிப்பகத்தில் கலை அச்சுகளாக வெளிவந்தவை. வழக்கமான அளவு சுமார் 39×26 செ.மீ. மட்டுமே. அதே படம் 50×70 செ.மீ. தாளில் தலைப்போடு வந்தால் அது இன்றைய தயாரிப்பு. அலங்காரத்துக்கு வாங்கினால் தவறொன்றும் இல்லை. பழையது என்று சொல்லி விற்பதுதான் தவறு.

கடலோர ஊர்கள் ஏன் இவ்வளவு வருகின்றன என்பதற்குக் காரணம் உண்டு. ஜப்பானின் 'மூன்று காட்சிகள்' என்று பதினேழாம் நூற்றாண்டிலிருந்து பெயர்பெற்ற மட்சுஷிமா, அமானோஹஷிடாடே, மியாஜிமா மூன்றுமே கடல்சார்ந்த இடங்கள். 1927இல் ஒசாகா மைனிச்சி, டோக்கியோ நிச்சிநிச்சி பத்திரிகைகள் ரயில்வே அமைச்சகத்தின் ஆதரவோடு 'புதிய எட்டுக் காட்சிகள்' என்ற வாக்கெடுப்பை நடத்தின. 9 கோடிக்கும் மேல் அஞ்சலட்டைகள் குவிந்தன. கடற்கரைப் பிரிவில் ஷிகொக்குத் தீவின் முரோட்டோ முனையும், வெந்நீர் ஊற்றுப் பிரிவில் பெப்புவும் தேர்வாயின. 1930இல் ரயில்வே அமைச்சகத்துக்குள் சர்வதேசச் சுற்றுலா வாரியம் உருவானது. 1934 மார்ச்சில் முதல் தேசியப் பூங்காக்கள் அறிவிக்கப்பட்டபோது செட்டோ உள்நாட்டுக் கடலும் அவற்றில் ஒன்று. 1927க்கும் 1937க்கும் இடைப்பட்ட இந்தப் பத்தாண்டுகள்தான் கடற்கரைப் போஸ்டர்களின் உச்சகாலம். 1940 வாக்கில் உல்லாசப் பயணமே தேசத்துக்கு ஆகாதது என்றாகி, 1942இல் அந்த வாரியமும் கலைக்கப்பட்டது.

உச்சகாலப் போஸ்டர்களில் இரண்டு வகை உண்டு. அவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வெளிநாட்டவருக்கானவற்றில் 'ஜப்பான்' என்ற சொல் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பெரிதாக இருக்கும், கட்டணம் இருக்காது, கீழே அரசு ரயில்வேயின் பெயரோ சுற்றுலா வாரியத்தின் பெயரோ இருக்கும். யோஷிடா ஹட்சுசபுரோ (1884–1955) 1930இல் வரைந்ததும், பாரிஸில் பயின்ற சடோமி முனேட்சுகு (1904–1996) 1937இல் ஓடும் ரயிலின் வேகத்தில் நிலக்காட்சி கலங்கித் தெரிவதாக வரைந்ததும் இந்த வகை. இவை புகழ்பெற்றவை, ஆகவே இவற்றுக்குத்தான் மறுபதிப்புகளும் அதிகம். உள்நாட்டுப் பயணிகளுக்கானவை வேறு மாதிரி: கடல்நீராட்டுச் சீசன், சலுகைக் கட்டணம், எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்ற விவரம், சில சமயம் ரயில் கோட்டின் சிறு வரைபடம். தகவல் செறிந்தவை இவைதான். விலை குறைவாகவும் போலி அரிதாகவும் இருப்பதால், புதிதாகச் சேகரிப்பவர் இங்கிருந்து தொடங்குவதே நல்லது என்பேன்.

காலத்தைக் கணிப்பதில் மிக உறுதியான துப்பு வெளியீட்டாளரின் பெயர். அரசு ரயில்வே 1908 முதல் ரயில்வே வாரியத்தின் கீழும், 1920 முதல் 1943 வரை ரயில்வே அமைச்சகத்தின் கீழும் இருந்தது. 1949இல் ஜப்பான் தேசிய ரயில்வே ஆனது. 1987இல் பிரிக்கப்பட்டு ஜே.ஆர். கம்பெனிகள் வந்தன. தனியார் கம்பெனிகள் இன்னும் நெருக்கமான ஆண்டுகளைத் தரும். ஷிராஹாமா, வாகாயாமா கடற்கரைகளுக்கு அழைக்கும் போஸ்டரில் 'ஹான்வா மின்ரயில்' என்று இருந்தால் அது 1940க்குப் பிந்தியதாக இருக்க முடியாது, ஏனென்றால் அந்த ஆண்டு டிசம்பரில் அது நான்காய் ரயில்வேயோடு இணைந்துவிட்டது. மட்சுஷிமாவுக்கு ஆள் கொண்டுபோன மியாகி மின்ரயில் 1944இல் அரசுடைமையானது. கப்பல்களிலும் இதே கதை. ஒசாகாவிலிருந்து பெப்புவுக்கு 1912இல் குரெனாய் மாரு கப்பலை விட்டது ஒசாகா ஷோசென் கம்பெனி. 1942இல் உள்நாட்டுக் கடல் வழித்தடங்களைக் கான்சாய் கிசென் எடுத்துக்கொண்டது. ஆக, பெப்பு போஸ்டரில் கான்சாய் கிசென் பெயர் இருந்தால், ஓவியம் எவ்வளவு பழைய பாணியில் இருந்தாலும், அது பெரும்பாலும் போருக்குப் பிந்தியது. 1960இல் அதே குரெனாய் மாரு என்ற பெயரில் புதிய கப்பல் வந்ததால், கப்பலின் பெயரை மட்டும் நம்பி ஏமாறுபவர்கள் உண்டு.

நிலையங்களின் பெயர்களும் உதவும். மியாஜிமாவுக்குப் படகேறும் நிலையம் 1942 வரை வெறுமனே 'மியாஜிமா', அதன்பின் 'மியாஜிமாகுச்சி'. ஷிராஹாமாவில் தலைகீழ்: 1933 டிசம்பரில் 'ஷிராஹாமாகுச்சி' என்று திறந்தது, 1965இல் 'ஷிராஹாமா' ஆனது. அமானோஹஷிடாடே நிலையம் திறந்தது 1925இல். அடாமியைப் பொறுத்தவரை 1934 டிசம்பர் 1 முக்கியமான நாள். டன்னா சுரங்கப்பாதை அன்றுதான் திறந்து, அதுவரை கிளைப்பாதையின் கோடியில் இருந்த அந்த ஊர் டோக்கைடோ பிரதானப் பாதையில் வந்தது. அடாமி வழியாக மேற்கே நீளும் ரயில் கோடு போஸ்டரில் இருந்தால் அது அந்தத் திறப்பை ஒட்டியோ அதற்குப் பிறகோ வந்தது.

மியாஜிமா போஸ்டர்களை ரயில்வே ஏன் இவ்வளவு ஆர்வமாக வெளியிட்டது என்று கேட்பவர்களுக்கு: தீவுக்குப் போகும் படகுச் சேவையையே 1903இல் சான்யோ ரயில்வே எடுத்து நடத்தியது, 1906இல் அந்த ரயில்வே அரசுடைமையானபோது படகும் சேர்ந்தே வந்தது. அதனால் ரயில் டிக்கெட், படகு டிக்கெட் இரண்டுமே அரசு ரயில்வேயின் வருமானம். பெப்புவில் தள்ளுவிசையாக இருந்தவர் விடுதி நடத்திய அபுராயா குமாஹாச்சி (1863–1935). 'மலையென்றால் ஃபுஜி, கடலென்றால் செட்டோ உள்கடல், வெந்நீரென்றால் பெப்பு' என்ற வாசகத்தை நாடெங்கும் பரப்பியவர் அவர். பெப்புவின் விளம்பரங்களில் ஆவியோடு கப்பலும் சேர்ந்தே வருவது தற்செயல் அல்ல. ஒசாகாவிலிருந்து வருபவருக்கு அந்த ஊர் கப்பல் பயணத்தின் முடிவில்தான் தொடங்கியது.

ஆண்டு எண் அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் மன்னர் ஆட்சியாண்டாக இருக்கும். டைஷோ ஆண்டோடு 1911ஐக் கூட்டுங்கள். ஷோவா ஆண்டோடு 1925ஐக் கூட்டுங்கள். ஷோவா 9 என்றால் 1934. ஜப்பானிய மொழி தெரியாதவர்களும் கவனிக்கக்கூடிய இன்னொன்று எழுத்தின் திசை. போருக்கு முன் கிடைமட்ட வரிகள் பெரும்பாலும் வலமிருந்து இடமாக ஓடின. போருக்குப் பின் இடமிருந்து வலமாக. எழுத்துகளின் வடிவமும் 1946–49 சீர்திருத்தத்தில் எளிமையாயிற்று. ரயில்வே என்பதன் முதல் எழுத்து பழைய வடிவில் 21 கோடுகள் கொண்டது, புதியதில் 13. மறுபதிப்பு செய்பவர்கள் புதிதாகத் தலைப்பு சேர்க்கும்போது அடிக்கடி சறுக்குவது இங்கேதான்: படம் 1930களின் பாணியில் இருக்கும், எழுத்து இன்றைய வடிவில் இடமிருந்து வலமாக ஓடும். கட்டணத்தில் 'சென்' காசு (யென்னில் நூறில் ஒன்று) இருந்தால் அது 1953க்குப் பிந்தியதாக இருக்காது. அந்த ஆண்டு முடிவோடு சென் புழக்கத்திலிருந்து நீங்கியது. சுற்றுப்பயணச் சலுகைச் சீட்டான 'ஷூயூகென்' பற்றிய பேச்சு இருந்தால் 1955க்கோ அதற்குப் பின்னரோ வந்தது.

கடற்கரைப் படங்களுக்கே உரிய ஓர் அடையாளம் இருக்கிறது. மலைப் போஸ்டர்களில் இதை அதிகம் பார்க்க முடியாது. 1899ஆம் ஆண்டின் கோட்டை மண்டலச் சட்டப்படி, ராணுவக் கோட்டைகளைச் சுற்றியுள்ள பகுதிகளைப் படமெடுப்பதற்கும் வரைவதற்கும் அனுமதி வேண்டும். டோக்கியோ விரிகுடா, அவாஜித் தீவை ஒட்டிய யுரா, ஷிமோனோசெக்கி நீரிணை எல்லாம் இதில் அடங்கும். அதே இடங்கள்தான் சுற்றுலாவுக்கும் பெயர்போனவை. யோஷிடாவின் பறவைக் கண் வரைபடங்களிலும், அந்தக் கால அஞ்சலட்டைகளிலும், சில போஸ்டர்களிலும் ஓரத்தில் பொடி எழுத்தில் 'இன்ன கோட்டைத் தலைமையகத்தின் அனுமதி பெற்றது' என்ற வரி இருக்கும். சில நேரம் தேதியும் கூடவே இருக்கும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்றால் அழுக்குக் கோடு போலத்தான் தெரியும். விற்பவரிடம் அந்த ஓரத்தை மட்டும் பெரிதாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓவியம் தராத தேதியை அந்தப் பொடி வரி தந்துவிடும்.

இனி தாளும் மையும். 10 மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று போதும். வானத்தில் நிறம் மங்கிக் கரையும் இடத்தில் வையுங்கள். 1910கள் வரையிலான கல்லச்சுப் போஸ்டர்களில் ஒவ்வொரு நிறத்தின் புள்ளிகளையும் கைவினைஞர் பேனாவால் குத்தியிருப்பார். புள்ளிகள் சமமாக இருக்காது. சில உருண்டை, சில வால் முளைத்தவை, ஓரிடத்தில் நெருக்கம், இன்னோரிடத்தில் தளர்வு. இருபது நிறங்களுக்கு மேல் தனித்தனியாக ஏற்றிய வேலைகளும் உண்டு. 1920களில் ஒளிப்படம் மூலம் நிறங்களைப் பிரிக்கும் ஹெச்.பி. முறை பரவியபின் ஒழுங்கான திரைப் புள்ளிகள் வந்தன. அதனால் 'ஒழுங்கான புள்ளி தெரிந்தால் போலி' என்று பலர் சொல்வது தவறு. 1930களின் அசலிலும் அவை இருக்கும். பார்க்க வேண்டியது எழுத்துகளை. அசலில் எழுத்து பெரும்பாலும் ஒரே திட நிறத்தில், கூர்மையான விளிம்போடு இருக்கும். அசலைப் படமெடுத்துச் செய்த மறுபதிப்பில் எழுத்தும் நான்கு நிறப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். இன்க்ஜெட் என்றால் புள்ளி ஒழுங்கே இருக்காது. பொடிப்பொடியாகத் தூவியது போல இருக்கும். கிழிசல், மடிப்பு, துரு ஆகியவையும் புள்ளிகளாக அச்சாகியிருந்தால் வேறு ஆதாரமே வேண்டாம்: விரலால் தடவிப் பாருங்கள், மடிப்பு கண்ணுக்குத் தெரியும், கைக்குத் தட்டுப்படாது.

அடுத்து, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். 1950 வாக்கில் தாளில் வெண்மையூட்டிகள் சேர்க்கத் தொடங்கினார்கள். இருட்டறையில் வெளிச்சம் அடித்தால் புதிய தாள் நீலவெண்மையாகப் பளிச்சிடும்; போருக்கு முந்திய தாள் மங்கிய பழுப்பாகவே இருக்கும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் சோதியுங்கள். பின்னாளில் யாராவது புதுத்தாள் ஒட்டி வலுவூட்டியிருந்தால் பின்பக்கம் மட்டும் ஒளிரும்; அதைக் கண்டு அசலைத் தள்ளிவிட வேண்டாம்.

அளவை மில்லிமீட்டரில் கேளுங்கள். ஜப்பானின் பழைய அச்சுத்தாள் அளவுகளில் முழு ஷிரோகு தாள் 788×1091, அதன் பாதி 545×788. கிகு தாள் 636×939, பாதி 469×636. ஜப்பானிய பி1 728×1030, பி2 515×728. ரயில் பெட்டிக்குள் தொங்கும் விளம்பரத்துக்கு வழக்கமானது பி3, 364×515. சர்வதேச பி2 தாள் 500×707 என்பதால், மேலைநாட்டு அச்சகங்களில் எடுத்த நகல் இங்கேயே அகப்பட்டுவிடும். விளிம்பு வெட்டப்பட்ட அசல்களும் உண்டு என்பதால் அளவை மட்டும் வைத்து நிராகரிக்காதீர்கள். படத்தைச் சுற்றிய வெள்ளை எல்லை நான்கு பக்கமும் எவ்வளவு என்று பாருங்கள்.

பழைய போஸ்டர்கள் பலவற்றில் மேலும் கீழும் மெல்லிய தகரப் பட்டை மடித்துக் கவ்வியிருக்கும். மேல் பட்டையில் மாட்டும் வளையம் இருக்கும். நிலையச் சுவரில் காற்றுக்குப் புரளாமல் தொங்குவதற்காகச் செய்த ஏற்பாடு அது. பட்டை இருப்பது நல்ல அறிகுறி, தொல்லையும் அதுவே. துரு தாளுக்குள் இறங்கி, பட்டையை ஒட்டிய 1 செ.மீ. அகலத்துக்கு நார் பொடிந்துவிடும். பட்டையைப் பிடித்துத் தூக்கினால் அந்தக் கோட்டில் அப்படியே கிழியும். எப்போதும் அடியில் அட்டை கொடுத்துத் தூக்குங்கள். சுருட்டி அனுப்ப வேண்டுமானால் பட்டை உருளையின் நீளவாக்கில் அமைய வேண்டும். குறைந்தது 10 செ.மீ. விட்டமுள்ள குழாய்; பட்டைக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே அமிலமற்ற மெல்லிய தாள். பட்டையை நீங்களே நெம்பி எடுக்க முயல வேண்டாம். துரு பரவுவதை நிறுத்த வேண்டியிருந்தால் அது காகிதப் பாதுகாப்பு நிபுணரின் வேலை. பட்டை இல்லாத போஸ்டரில் மேல்விளிம்பில் துருக்கோடு மட்டும் இருந்தால், ஒரு காலத்தில் பட்டை இருந்து கழன்றது என்று பொருள்.

நிறம் மங்குவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. வெயில் பட்டால் சிவப்பும் மஞ்சளும் முதலில் போகும்; நீலமும் கறுப்பும் தங்கும். மியாஜிமாவின் இட்சுகுஷிமா கோயில் வாயில் செம்பழுப்பாக வெளுத்து, கடல் மட்டும் ஆழ்ந்த நீலமாக நிற்கும் போஸ்டர் நெடுநாள் வெளிச்சத்தில் தொங்கியது. இதற்குச் சிகிச்சை கிடையாது. மேலே நிறம் தீட்டிச் சரிசெய்ததாகச் சொன்னால் அந்த இடங்களையும் புற ஊதா வெளிச்சத்தில் பாருங்கள். புது நிறம் வேறாகத் தெரியும்.

சுத்தம் செய்வதென்றால் முதலில் உலர் முறை மட்டும்: மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகை, பிறகு தூளாக்கிய வினைல் அழிப்பான். ஈரம் என்ற பேச்சு எடுக்குமுன் ஒவ்வொரு நிறத்திலும் ஓரத்தில் ஒரு சொட்டு காய்ச்சி வடித்த நீர் வைத்து, அரை நிமிடம் கழித்து வெள்ளை ஒற்றுத்தாளால் அழுத்திப் பாருங்கள். அச்சு மை எண்ணெய் சார்ந்தது, பெரும்பாலும் அசையாது. ஆனால் மாட்டும் காலத்தைக் குறித்து நிலையத்தில் குத்திய ஊதா ரப்பர் முத்திரை உடனே கரையும். அந்த முத்திரையே ஒரு சரித்திர ஆதாரம், அதை இழக்கக் கூடாது. பளபளப்பான ஆர்ட் பேப்பர் என்றால் தண்ணீரே வேண்டாம். மேற்பூச்சு கரைந்து, எதோடு தொட்டாலும் ஒட்டிக்கொண்டு, படத்தோடு உரிந்து வரும்.

பூச்சில்லாத தாள் கிழிந்திருந்தால் ஜப்பானியர் 'உராவுச்சி' என்று சொல்லும் பின்தாள் ஒட்டுமுறையே எனக்கு ஏற்புடையது. துணி ஒட்டுவதை விட மேல், ஏனென்றால் மெல்லிய தாளில் துணியின் நெசவு முன்பக்கம் வரை தெரியும். கோதுமை மாச்சத்து 1 பங்கு, நீர் 4 பங்கு, இளஞ்சூட்டில் அரைமணி நேரத்துக்கும் மேலாக விடாமல் கிளறிக் காய்ச்சி, ஆறவைத்து, சல்லடையில் தேய்த்து, பால் பதத்துக்கு நீர்க்கச் செய்வார்கள். போஸ்டரைப் பாலியஸ்டர் தாளின்மேல் கவிழ்த்து நீர் தூவி, அது விரிந்து முடிய 10 நிமிடம் விட வேண்டும். பசை தடவிய, சதுர மீட்டருக்கு 20–30 கிராம் எடையுள்ள கோசோ (ஜப்பானிய மல்பெரி நார்) தாளை, நான்கு பக்கமும் 3–4 செ.மீ. மிகும்படி மேலே இறக்கி, நடுவிலிருந்து வெளியே தூரிகையால் நீவ வேண்டும். பிறகு மிகுந்த ஓரங்களை மட்டும் பலகையில் ஒட்டிப் பல நாள் காயவிட வேண்டும். தாள் முழுதாக விரியுமுன் ஒட்டினாலோ, காய்வதற்குள் பலகையிலிருந்து எடுத்தாலோ, இரண்டு தாளும் வேறுவேறு அளவில் சுருங்கிப் போஸ்டர் சுருண்டுகொள்ளும். மலிவான ஒன்றில் கற்றுக்கொள்ளலாம். விலையுயர்ந்ததை நிபுணரிடம் கொடுங்கள். லேமினேஷன், சூடேற்றி ஒட்டும் பலகை, செல்லோடேப் மூன்றும் எந்தப் போஸ்டருக்கும் வேண்டாம்.

வைக்கும் இடத்தில் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. சென்னை, தூத்துக்குடி, கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் அது எளிதல்ல என்பதால், வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பின்பக்கத்தைத் திறந்து பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவே அமிலமற்ற அட்டைச் சட்டம் வேண்டும். தொட்டால் ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக், 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சம், ஆண்டில் மூன்று மாதம் சுவரில், மீதி நாள் அமிலமற்ற உறையில் படுக்கை நிலையில். ஒன்றுக்கு மூன்றாக வைத்திருப்பவர்கள் அவற்றை முறைவைத்து மாற்றி மாட்டலாம்.